நெற்றியில் எழுதிய நேரம்

ரத யாத்திரை அன்று கிளப்காரர்கள் சந்தில் பந்தலுக்கு முதல் மூங்கிலை நட்டுப் பூஜை போட்டார்கள். செப்டம்பர் நடுவில் மூங்கில்கள் முதல் மாடி பால்கனியைத் தொட்டன. பிறகு அதையும் தாண்டி மேலே போயின. மஹாலயாவுக்கு முந்தைய வாரம் பிளைவுட்டும் தகரமும் வந்து இறங்கின. சாம்பல் நிறம் அடித்தார்கள். அதற்குப் பிறகு சேஷாத்ரியின் வீட்டில் பகல் பதினோரு மணிக்கும் டியூப்லைட் எரிந்தது.

பந்தல் ஒரு போர்க்கப்பல். முன்பக்கம் டயமண்ட் ஹார்பர் ரோட்டைப் பார்த்திருந்தது. பின்பக்கம் சந்துக்குள் வளைந்து வந்து வீட்டை விழுங்கியிருந்தது. பால்கனிக் கதவைத் திறந்தால் கப்பலின் உட்சுவர். கையை நீட்டினால் வெளியிலிருந்து அடித்த ஆணிகளின் கூர் தட்டுப்படும்.

கல்கத்தாவின் பெஹாலாவில் துர்கா பூஜைக்கு ஒவ்வொரு கிளப்பும் ஒரு தீம் வைக்கும். போன வருஷம் இந்தச் சந்தில் தேனீக்கூடு. அதற்கு முந்தைய வருஷம் மூடிப்போன சணல் ஆலை. இந்த வருஷம் சேஷாத்ரி.

அவருக்கு எண்பது வயது. அப்பா முப்பதுகளில் ஒரு கப்பல் கம்பெனிக்கு ஸ்டெனோவாகக் கல்கத்தா வந்தவர். மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே டாக்டருக்குப் படித்து, கடற்படையில் சர்ஜனாகச் சேர்ந்தார். எழுபத்தொன்று யுத்தத்தில் பதக்கம் வாங்கினார். எழுபத்தெட்டில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, இதே வீட்டின் கீழ் முன்னறையில் முப்பத்தைந்து வருஷம் வைத்தியம் பார்த்தார்.

அவருடைய இரண்டு பழக்கங்கள் சந்தில் பிரசித்தம். நோயாளி ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினால் வாங்க மாட்டார். "காகிதம் இருக்கட்டும், வலிக்குதா, அதை நீ சொல்லு" என்பார். சொன்ன பிறகுதான் காகிதம். அடுத்தது, ஊசி போட்டு, பஞ்சை வைத்து அழுத்தி, ஊசியைத் தட்டில் போட்ட பிறகுதான் பேனாவைத் தொடுவார். ஒருமுறை கம்பவுண்டர் வேலை மிச்சமாகட்டும் என்று ரிஜிஸ்டரில் முன்கூட்டியே எழுதி வைத்தார். சேஷாத்ரி அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். மிலிட்டரி ஒழுங்கு என்று சந்து விளக்கம் சொல்லிக்கொண்டது.

இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாக்கர் வைத்து நடக்கிறார்.

மஹாலயா அன்று காலை பிஷு வந்தான். கிளப் செயலாளர். ஐம்பது வயது. சின்ன வயதில் கணுக்கால் உடைந்து சேஷாத்ரியிடம் கட்டுப் போட்டுக்கொண்டவன். கையில் கயிறு கோத்த இரண்டு அட்டைகள்.

"என்னடா இது?" என்று சேஷாத்ரியின் மனைவி காமு வங்காளியில் கேட்டாள். சந்துப் பையன்களுக்கு அவள் மாஷிமா, சித்தி.

"பாஸ், மாஷிமா. பஞ்சமியிலேர்ந்து தசமி வரைக்கும் கழுத்துல போட்டுக்கணும். இல்லேன்னா வாலண்டியர் உள்ள விடமாட்டான்."

"என் வீட்டுக்குள்ள போறதுக்கு எனக்கே பாஸா?"

"புதுப் பசங்க மாஷிமா, முகம் தெரியாது."

காமு கணவனிடம் திரும்பித் தமிழில் சொன்னாள். "நன்னா இருக்கு. ஆத்துக்கு டிக்கெட் வாங்கிண்டு வரணும்."

திறப்பு விழாவுக்கு டாக்டர்பாபுவை எப்படிக் கீழே கொண்டுபோவது என்பதற்கும் பிஷு ஏற்பாடு செய்திருந்தான். தெருக்கதவுக்கும் ரோட்டுக்கும் நடுவே மூங்கில்களுக்கிடையில் இரண்டடி அகலத்தில் ஒரு வழி விட்டிருந்தார்கள். அதில் வாக்கர் நுழையாது.

"நாலு பேர் நாற்காலியோட தூக்கிடுவாங்க. துர்க்கையைத் தூக்கறவங்களே தூக்குவாங்க."

"கங்கைக்கா?" என்றாள் காமு.

பிஷு காதுகளைத் தொட்டுக்கொண்டு சிரித்தான். பிறகு செல்போனை எடுத்தான். "டாக்டர்பாபு, இதைப் பாருங்க. கார்டன் ரீச்சிலேர்ந்து ஒரு அம்மா கிளப்போட பேஸ்புக்குல போட்டிருக்காங்க. உங்க ஆளுங்கதான், தமிழ். சாவித்திரின்னு பேர். அவங்க அண்ணன் உங்க கப்பல்ல இருந்தாராம். அப்போ நீங்க எழுதின லெட்டர்."

திரையில் நீல மை. இருபத்தேழு வயதில் அவருடைய கையெழுத்து நேராக இருந்தது.

"இதை விழாவுல நீங்களே படிக்கறீங்க. வங்காளில மாத்தியாச்சு. அப்படியே ரெக்கார்டும் பண்ணிடுவோம். பந்தலுக்குள்ள நடுவுல ஒரு இடம் இருட்டா வெச்சிருக்கோம், ஒரே ஒரு சிவப்பு லைட்டு. ஜனம் அங்க வந்து நிக்கும்போது உங்க குரல் வரும். சிலிர்த்துடும்."

"வேற யாராவது படிக்கட்டும்."

"நீங்க எழுதினதை வேற யார் படிக்கறது? அந்த அம்மா குடும்பத்தோட முதல் வரிசைல உக்காரப் போறாங்க."

பிஷு போன பிறகு சேஷாத்ரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய பெயருக்குக் கீழே 'குடியிருப்பவர்' என்று அச்சாகியிருந்தது.

கடிதம் சிறியது. மூன்று வாக்கியங்கள்தான் முக்கியம். உங்கள் மகன் ஷ்யாம் சுந்தர் கடைசி வரை என் கண் முன்னே இருந்தார். தேவையான மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டது. அவருக்கு வலி தெரியவில்லை.

முதல் வாக்கியம் உண்மை. மற்ற இரண்டும் பொய்.

எழுபத்தொன்று டிசம்பர். வங்காள விரிகுடாவில் ஒரு சிறிய ரோந்துக் கப்பல். சேஷாத்ரி அதில் ஒரே டாக்டர். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒரு குண்டு பின்பக்கம் விழுந்தது. எஞ்சின் அறையில் நீராவிக் குழாய் வெடித்து ஐந்து பேர் வெந்துபோனார்கள். அவர்களைக் கீழ்த்தளத்தில் மாலுமிகள் படுக்கும் அறைக்குத் தூக்கி வந்தார்கள். சேஷாத்ரி மருந்துப் பெட்டியோடு ஏணியில் இறங்கினார். இரண்டாவது குண்டு விழுந்தது. பக்கத்து அறையில் கடல் நுழைந்தது. பக்கத்தில் தண்ணீர் வந்தால் மேல் மூடியை மூடித் தாழிட வேண்டும், உள்ளே யார் இருந்தாலும். அது கப்பலின் விதி. மூடினார்கள். மூடியவனைக் குறை சொல்ல முடியாது. மூடாவிட்டால் கப்பலே போயிருக்கும்.

உள்ளே வெந்த ஐந்து பேர், ஒரு டாக்டர், ஒரு டார்ச், ஒரு பெட்டி. புகை.

யுத்தத்தில் மார்பீன் ஊசிக்கு ஒரு முறை உண்டு. போட்டுக்கொண்டவனின் நெற்றியில் 'எம்' என்று எழுதி, போட்ட நேரத்தையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த டாக்டர் தெரியாமல் இன்னொன்று போட்டுவிடுவார், மூச்சு நின்றுவிடும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு மணி நேரம் இருக்க வேண்டும். எழுதுவதற்கென்று பெட்டியில் ஊதா நிறப் பென்சில் இருக்கும். ஈரம் பட்டால் மை போலப் பிடித்துக்கொள்ளும், லேசில் போகாது.

வழக்கமாக டாக்டர் ஊசி போடப் போட உதவியாள் பின்னாலேயே எழுதிக்கொண்டு வருவான். அங்கே உதவியாள் இல்லை. டார்ச் மங்கிக்கொண்டிருந்தது. எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டும், ஊசியைத் தடவிப் பார்த்துக்கூடப் போட்டுவிடலாம் என்று சேஷாத்ரி கணக்குப் போட்டார். ஐந்து நெற்றிகளிலும் முதலில் எழுதினார். எம், 1540, அதாவது பிற்பகல் மூன்று நாற்பது. டார்ச் அணைந்தது. இருட்டில் பெட்டிக்குள் கையை விட்டார்.

ஆறு மருந்துக் குப்பிகள் இருக்க வேண்டும். நான்குதான் முழுதாக இருந்தன. மற்ற இரண்டும் பெட்டி விழுந்தபோது உடைந்திருந்தன. விரலில் கண்ணாடி குத்தியது. வரிசையாக நான்கு பேருக்குப் போட்டார். ஐந்தாவது ஷ்யாம் சுந்தர். இருபத்திரண்டு வயது. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன். கப்பலில் தமிழ் பேசியவர்கள் அவர்கள் இருவர்தான்.

சேஷாத்ரி எச்சில் தொட்டு அவன் நெற்றியைத் துடைத்தார். பென்சில் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்பது பிறகு வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. வெளியில போனதும் முதல் ஊசி உனக்குத்தான்" என்று அவனிடம் சொன்னார்.

"சரி சார்" என்றான்.

ஐந்தரை மணிக்கு மூடியைத் திறந்தார்கள். எல்லாரையும் ஒரு பெரிய கப்பலுக்கு மாற்றினார்கள். சேஷாத்ரிக்கு நெஞ்செல்லாம் புகை. முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிப் படுக்க வைத்தார்கள். இரண்டு கட்டில் தள்ளி ஷ்யாம் கத்த ஆரம்பித்தான். அந்தக் கப்பலின் மூத்த டாக்டர் அவன் நெற்றியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பதுக்கு முன்னால் போட முடியாது என்றார்.

முகமூடியைக் கழற்ற ஒரு கை போதும். சேஷாத்ரிக்கு இரண்டு கையும் நன்றாகவே இருந்தன.

ஷ்யாம் ஏழு இருபத்தைந்துக்கு இறந்தான். மற்ற நால்வரும் பிழைத்தார்கள். அடைபட்ட அறையில் உயிரைப் பொருட்படுத்தாமல் ஐவருக்கும் சிகிச்சை அளித்தார் என்று பதக்கத்தோடு வந்த தாளில் எழுதியிருந்தது. நால்வரில் ஒருவர் விசாகப்பட்டினத்திலிருந்து போன வருஷம் வரை புத்தாண்டு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால் பதக்கம் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. சேஷாத்ரிக்கு அதுதான் கஷ்டம். முழுப் பொய்யாக இருந்தால் என்றைக்கோ ஹூக்ளியில் எறிந்திருப்பார்.

எழுபத்து நாலில் ஒருமுறை கார்டன் ரீச் வரை போனார். குவார்ட்டர்ஸ் எண்ணைக் கண்டுபிடித்தார். ஒரு அம்மாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கடைசித் துணிவரை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அதே வருஷம் கல்யாணம். காமு பதக்கத்தை ரொம்ப மதித்தாள். ஐந்து மூலை வெள்ளி, நீல ரிப்பன். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் பல்பொடி போட்டுத் தேய்த்து, ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் இடுவாள். அன்று காலை சேஷாத்ரிக்கு எப்போதும் வெளியில் அவசரமாக ஒரு நோயாளி இருப்பான்.

விழாவில் அந்தக் கடிதத்தைப் படிக்க அவரால் முடியாது. சாவித்திரியை எதிரில் வைத்துக்கொண்டு முடியவே முடியாது. அதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும். திருதியை அன்று சட்டை மாற்றிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டேள்?"

"கார்டன் ரீச்."

"கால் இருக்கிற லட்சணத்துக்கா?"

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பி முன்னால் வைத்து மூங்கில் வழிக்குள் நுழைந்தார். நாலடி போனதும் வாக்கரின் கால் ஒரு கயிற்று முடிச்சில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. தள்ளினார். அதுவும் இல்லை. திரும்பலாம் என்றால் உடம்பு திரும்ப இடமில்லை. மேலே தகரம். இரண்டு பக்கமும் சாம்பல் பெயின்ட் வாசனை. யாரோ மேலே உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மூங்கில்கள் அத்தனையும் அதிர்ந்தன. சேஷாத்ரிக்கு மூச்சு வாங்கியது. கையால் தகரத்தைத் தட்டினார். மேலே இருந்தவன் அதைக் கேட்டு, கீழே எவனோ வேலை செய்கிறான் என்று நினைத்து, பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினான்.

சற்றுக் கழித்துத்தான் வாலண்டியர்கள் இரண்டு பேர் பின்பக்கமாக வந்து அவரை எடுத்தார்கள்.

"எங்க போகணும் தாத்தா? என்ன வேணும் சொல்லுங்க, நாங்க வாங்கிட்டு வந்துடறோம்."

அவருக்கு வேண்டியது அவர்கள் வாங்கி வரக்கூடியதாக இல்லை. பிஷுவிடம் சாவித்திரியின் போன் நம்பர் கேட்டு வாங்கினார்.

"டாக்டர் சாரா?" என்றாள் சாவித்திரி போனில். "நீங்க எதுக்கு அலையறீங்க? நாளைக்கு மத்தியானம் நானே வரேன்."

சதுர்த்தி அன்று மூன்று மணிக்கு வந்தாள். எழுபது வயது. ரயில்வே பள்ளியில் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தாரதலாவில் ஆட்டோ மாறி, மூங்கில் வழியில் பக்கவாட்டாக நடந்து வந்ததில் புடவைத் தோளில் சிராய் ஒட்டியிருந்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். லேமினேட் செய்திருந்தது.

"மடிப்புல எல்லாம் கிழிய ஆரம்பிச்சுது. தொண்ணூத்தி மூணுல ப்ளாஸ்டிக் போட்டேன்" என்றாள். "அம்மா தலையணைக்கடியில வெச்சுத்தான் தூங்குவாங்க. பதினெட்டு வருஷம். இங்கிலீஷ் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டணும். கடைசி வரிய மட்டும் ரெண்டு தடவ."

சேஷாத்ரி மேஜை மேல் இருந்த கடிதத்தைத் தொடவில்லை.

"அந்த வரி பொய்" என்றார்.

சாவித்திரி அவரைப் பார்த்தாள். வெளியே மைக் சோதனை நடந்தது. ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு.

அவர் சொன்னார். டார்ச், பென்சில், ஆறு குப்பி, நான்கு குப்பி. எதையும் விடவில்லை. ஒரு நோயாளியின் விவரத்தை இன்னொரு டாக்டரிடம் ஒப்படைப்பதுபோலச் சொன்னார். சாவித்திரி அவர் முடித்த பிறகு கேள்விகள் கேட்டாள்.

"எத்தனை மணிக்குப் போனான்?"

"ஏழு இருபத்தஞ்சு."

"அடுத்த ஊசி எத்தனை மணிக்கு?"

"ஏழு நாப்பது."

"எப்போ கத்த ஆரம்பிச்சான்?"

"ஆறு மணி இருக்கும்."

"என்ன சொல்லிக் கத்தினான்?"

சேஷாத்ரி வாக்கரை அருகில் இழுத்துக்கொண்டார்.

"அண்ணாவுக்கு ஹிந்தி வரும், வங்காளி வரும்" என்றாள். "என்ன சொன்னான்?"

"வலியில தமிழ்தான் வந்தது. முதல்ல அம்மான்னான். அப்புறம் என்னைக் கூப்பிட்டான். 'சார், எனக்குப் போடலே சார். சொல்லுங்க சார்'னான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். அங்க தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பெரிய டாக்டர் என்கிட்ட வந்து, இவன் என்ன சொல்றான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முகமூடியை லேசா நகர்த்தி, உளர்றான்னேன்."

சாவித்திரி புடவையில் ஒட்டியிருந்த சிராயை எடுத்தாள். எங்கே போடுவது என்று பார்த்தாள். கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏன்?"

"தெரியலே. போடாமலே போட்டேன்னு எழுதினது டாக்டருக்குப் பெரிய குத்தம். விசாரணை வரும். ஒரு நிமிஷம் அதை நெனச்சேன். அடுத்த நிமிஷம் சொல்லிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அவர் போயிட்டார். அப்புறம் சொன்னா, முதல்லயே ஏன் சொல்லலேன்னு கேப்பாளேன்னு இருந்தது. அப்படியே ஒவ்வொரு நிமிஷமா ஏழே கால் ஆயிடுத்து."

அடுத்த அறையில் ஏதோ பாத்திரச் சத்தம் நின்றது.

"நாளைக்கு மைக்கில இதைச் சொல்லிடறேன்" என்றார் சேஷாத்ரி. "பதக்கத்தையும் அங்கேயே கழட்டிடறேன்."

"வேண்டாம்."

"அம்மா..."

"என்னை அம்மாங்காதீங்க. நாளைக்கு எங்க குவார்ட்டர்ஸ் தெருவே பஸ் வெச்சுக்கிட்டு வருது. என் பேரன் பேத்திங்க வராங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ஷ்யாம் தாத்தா தூக்கத்துல போனவர். மைக்குல சொன்னா உங்களுக்கு லேசாயிடும். சொல்லிட்டீங்க, முடிஞ்சுது. எங்க வீட்டுல அவன் நாளையிலேர்ந்து கத்த ஆரம்பிப்பான்."

"அதுக்காகப் பொய்யைப் படிக்கச் சொல்றேளா?"

"நீங்க எழுதினதுதானே? நீங்களே படிங்க."

காமு வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் இரண்டு டம்ளர் காப்பி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சாவித்திரி எழுந்து கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். காப்பியைப் பார்த்து, "வேண்டாம்மா" என்றாள். காமு வற்புறுத்தவில்லை. படியில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு மூங்கில்களில் புடவை உரசும் சத்தம்.

காமு இரண்டு டம்ளரையும் மேஜைமேல் வைத்தாள்.

"அம்பது வருஷமா பல்பொடி போட்டுத் தேச்சேன்" என்றாள். "ஒரு வருஷமாவது, 'போதும் விடு'ன்னிருக்கலாம்."

காப்பி ஆடை கட்டியது.

மறுநாள் நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கினார்கள். காமு பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டாள். விழாவுக்கென்று அதைத் தேய்க்கவில்லை. வெள்ளி கறுத்திருந்தது.

"ஆரே, கறுத்துப்போயிருக்கே" என்றான் பிஷு. குனிந்து பார்த்தான். "இருக்கட்டும் டாக்டர்பாபு. பழசா இருந்தாத்தான் போட்டோவுல நல்லா வரும்."

மூங்கில் வழியில் நாற்காலி போகவில்லை என்று அவரை மட்டும் இரண்டு பேர் தோளில் தாங்கி, பக்கவாட்டாகத் திருப்பி, ஒரு பீரோவைக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனார்கள். மேடையில் தீபம், பூங்கொத்து, ஒரு கவுன்சிலர். முதல் வரிசையில் சாவித்திரி, அவளைச் சுற்றிக் குழந்தைகள்.

தாளைக் கொடுத்தார்கள். பெரிய வங்காளி எழுத்துகள். சேஷாத்ரி முதல் வாக்கியத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் நின்றார்.

கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றினார். சேஷாத்ரி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். சாவித்திரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. வகுப்பில் பாதியில் நிறுத்திய பையனைப் பார்த்து டீச்சர் தலையசைப்பாள், மேலே படி என்று. அப்படி ஒருமுறை தலையசைத்தாள்.

"அவருக்கு வலி தெரியவில்லை" என்று படித்தார்.

கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. ஒரு குழந்தை மேடையேறி வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டது. சாவித்திரியின் பேத்தி.

சஷ்டி காலையிலிருந்து பந்தலுக்குள் குரல் ஒலிக்கத் தொடங்கியது. ஒன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை. முதலில் கடல் சத்தம், பிறகு ஒரு வெடி, பிறகு இரும்புக் கதவு மூடும் ஓசை. பிறகு சேஷாத்ரி. ஸ்பீக்கர் பால்கனிக்கு நேர் வெளியே பிளைவுட்டில் மாட்டியிருந்தது. அறையின் கதவை மூடினாலும் கேட்டது. காதில் பஞ்சு வைத்தால் கட்டிலின் சட்டத்தில் அதிர்ந்தது. நடுநடுவே, காணாமல்போன குழந்தைகளின் பெயர்களைச் சொன்னார்கள். பர்ஸ் ஜாக்கிரதை என்றார்கள். பிறகு மறுபடி கடல் சத்தம்.

"ஒரு இடத்துல நிறுத்தியிருக்கேள்" என்றாள் காமு சப்தமி அன்று, காய் நறுக்கிக்கொண்டே. விழாவுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாம்."

"வெட்டாம அப்படியே போட்டிருக்கான்."

"பிஷுகிட்ட கேட்டேன். அந்த எடத்துலதான் எல்லாரும் அழறாளாம். வெட்டமாட்டானாம்."

நவமியன்று காமு புத்தகங்களை அடுக்கிச் சரஸ்வதி பூஜைக்கு வைத்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். பதக்கம் அவருடைய சட்டையிலேயே, விழாவன்று கழற்றி ஆணியில் மாட்டியபடி, தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் அந்தப் பூஜையின்போது வீட்டில் இருந்தார். வெளியே போக வழி இல்லை.

பிற்பகல் நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று. அறை ஒரேயடியாக இருண்டது. அந்த நேரம் குரல் இரண்டாவது வாக்கியத்தை முடித்திருந்தது. மூன்றாவதற்கு முன் அவர் நிறுத்திய இடம். ஸ்பீக்கர் அங்கேயே செத்தது.

சேஷாத்ரி நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஜனம் நிற்பது தெரிந்தது. செருப்புகள் நகர்ந்தன. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, "அப்புறம்?" என்று வங்காளியில் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பதில் தெரியும். தமிழில் தெரியும். வாயைத் திறந்தார். பிளைவுட்டுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னால் அவர்களுக்குக் கேட்டிருக்கும். இருட்டில் காமு அவர் பக்கம் திரும்பியதை உணர்ந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சந்தின் கோடியில் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. சிவப்பு வெளிச்சம் ஒரு விரிசல் வழியாக அறைக்குள் கோடாக விழுந்தது. முதலில் கடல் சத்தம், பிறகு வெடி, பிறகு கதவு மூடியது.

சேஷாத்ரி வாயை மூடிக்கொண்டார். அவருடைய குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது.